பேசத் தெரிந்தவருக்கு முதலாம் ஆண்டில் இடமில்லை

என் அண்ணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், அறுவை அறையில் போடும் பச்சை அங்கிகள் எல்லாம் அந்த நிலவறையில்தான் துவைபட்டு, காய்ந்து, மடிந்து மேலே போகின்றன. அண்ணி நிற்பது கடைசி இடத்தில், உருளை இஸ்திரி இயந்திரம் விரிப்பைச் சூடாக வெளியே தள்ளும் வாயில். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வர வேண்டும். நாள் முழுக்க இதுதான். எதிரே நிற்பவரோடு பேசாமல் இந்த வேலையைச் செய்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பார் அண்ணி.

அண்ணிக்கு எதிரே நின்றவள் கம்போடியாக்காரி. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள் என்பதால் எங்கள் வீட்டில் அவளுக்குச் சிரிப்புக்காரி என்றே பெயர். அவளுக்கு நம் பேச்சு வராது. அண்ணிக்கோ வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. ஆகவே அண்ணி அவள் மொழியைக் கற்றுக்கொண்டார். அந்த நாட்டில் பேசும் மொழிக்குக் கெமர் என்று பெயர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சில வருஷங்களில் அண்ணிக்கு அது தண்ணி பட்ட பாடு ஆகிவிட்டது. சலவைக்கூடத்தில் பாதிப் பேர் அந்த நாட்டுப் பெண்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும், சம்பளத்தில் பிடித்தம் வந்தாலும், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் அண்ணிதான் போய்ப் பேசுவார். கெமரில் சண்டை போடக்கூடத் தெரியும். ஒருமுறை தொலைபேசியில் யாரையோ அந்த மொழியில் வாங்கு வாங்கென்று வாங்கியதை நானே கேட்டிருக்கிறேன். பொருள் புரியாமலே பயமாக இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் காப்பீடு விற்பவன். இரண்டு திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் கட்டுவது குறைவு, எதில் கிடைப்பது அதிகம் என்று பார்க்காமல் பல் தேய்க்கும் பிரஷ்கூட வாங்க மாட்டேன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருப்பு, சாப்பாடு எல்லாம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஒரு நாளில் பேசும் பேச்சை ஒரு தேக்கரண்டியில் அள்ளிவிடலாம். மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆகவே அண்ணி பட்டப்படிப்புப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, அந்த வீட்டில் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

ஏன் படிக்கப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். சிரிப்புக்காரிக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே அறுவைச் சிகிச்சை. மருத்துவர் விளக்கிச் சொல்லும் நாளில் அண்ணியும் கூடப் போனார். அறைக்குள் விடவில்லை. புதிய விதியாம். நோயாளிக்காக மொழிபெயர்ப்பவர் அந்த மொழியில் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். பட்டம் பெற்ற ஆள் எங்கேயோ தூரத்தில் இருந்தார். அவர் தொலைபேசியில் பேசினார். லைன் கரகரத்தது. சிரிப்புக்காரி வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினாள். கட்டியோடு கருப்பையையும் எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லை. அண்ணி அந்த நேரம் முழுக்க வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எடுத்த பிறகுதான், படுக்கை ஓரத்தில் நின்று, அண்ணி வாயால் அவளுக்கு அது தெரிய வந்தது. அவள் இன்னும் பிள்ளை பெறாதவள். அதைக் கேட்டும் முதலில் சிரித்தாளாம், பழக்க தோஷத்தில். அந்தச் சிரிப்பைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை. பிறகு அவள் ஊருக்கே போய்விட்டாள்.

விதியைப் போட்ட அலுவலரிடம் அண்ணி போய்க் கேட்டார்.

"அப்போ யார்தான் உள்ள வரலாம்?"

"அந்த மொழியில பட்டம் வாங்கினவங்க வரலாம்."

"சரி" என்று சொல்லிவிட்டு வந்தார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆலோசகர் அறைக்கு நானும் கூடப் போனேன். திட்டங்களை ஒப்பிட ஆள் வேண்டுமே. மாடியில் நடைபாதைக் கடைசியில் சின்ன அறை. சுவரில் ஏதேதோ கோயில் கோபுரங்களின் படங்கள், ஓரம் சுருண்டு. ஆலோசகர் எந்தக் கேள்விக்கும் "மூணு வழி இருக்கு" என்றே தொடங்குவார். வாயிலில் நின்ற மாணவர்களே அவரை மூணு வழி என்றுதான் சொன்னார்கள்.

"தென்கிழக்கு ஆசிய மொழிகளும் பண்பாடும்னு வந்தா, மூணு வழி இருக்கும்மா" என்றார். "மொதல் வழி மொழிப் பட்டம். நாலு வருஷம். ஒரே மொழியைப் பிடிச்சுக்கிட்டு அடிமட்டம் வரைக்கும் போகணும். எழுத, படிக்க, பேச, மொழிபெயர்க்க எல்லாம். மூணாவது வருஷம் அந்த நாட்டுக்கே போய் இருந்து படிக்கணும், அது கட்டாயம். ரெண்டாவது கூட்டுப் பட்டம். பாதி மொழி, பாதி வேற பாடம். சட்டம், வணிகம், இப்படி ஏதாவது. மூணாவது வட்டாரப் பட்டம். மூணே வருஷம். வரலாறு, மதம், கலை, அரசியல்னு அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாத்தையும் பத்திப் படிக்கலாம். மொழி பேருக்குக் கொஞ்சம். நாட்டுக்குப் போக வேண்டியதில்லை."

"கெமர் மொழிக்கு மூணும் உண்டா?" என்று நான் கேட்டேன்.

"கூட்டுப் பட்டம் கிடையாது. அது இந்தோனேசிய மொழிக்கும் வியட்நாம் மொழிக்கும் மட்டும்தான். கெமருக்கு ஆள் வர்றதே அபூர்வம் சார். மொதல் வழி, இல்லைன்னா மூணாவது வழி."

எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மூணாவதுதான். காலம் குறைவு, செலவு குறைவு, அடுப்புக்கும் ஆபத்து குறைவு. அண்ணி வேறு கேள்வி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில மொழிபெயர்க்க எதை ஏத்துக்குவாங்க?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "மொதல் வழியை மட்டும்தான்மா" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசினேன், அண்ணி கேட்டுக்கொண்டு வந்தார். பேருந்தை விட்டு இறங்கும்போது, "தம்பி, நீங்க சொல்றது எல்லாம் சரிதான். நான் மொதல் வழிக்கே எழுதிக் குடுக்கப் போறேன்" என்றார். காப்பீட்டில் இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், தேநீர்கூட வாங்கித் தருவார்கள், கடைசியில் தாங்கள் நினைத்து வந்ததைத்தான் எடுப்பார்கள்.

மொழியை முன்பே அறிந்தவர்களுக்கு ஒரு நேர்காணல் வைப்பார்கள். துறைத் தலைவரும் கெமர் ஆசிரியையும் அண்ணியை உட்கார வைத்துப் பேசினார்கள். ஆசிரியை அந்த நாட்டுக்காரர், நடுத்தர வயது, நம் பேச்சையும் நன்றாகப் பேசுவார். பத்து நிமிஷப் பேச்சு என்றார்கள், அண்ணி உள்ளே போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. உள்ளே ஒரே சிரிப்பு. வெளியே வந்த தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், என்னவோ நான் கற்றுக்கொடுத்த மாதிரி. இவ்வளவு பேசுபவர் முதலாம் ஆண்டில் உட்கார வேண்டியதில்லை, நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்றார். ஒரு வருஷம் மிச்சம்!

அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். அண்ணன் ஒரு தோள்பை வாங்கி வந்து, சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனார். நான் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் தண்டோரா போட்டேன். கெமர் எழுத்து பழைய பல்லவர் எழுத்திலிருந்து வந்தது என்று தலைவர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். "நம்ம ஆளுங்க கொண்டுபோன எழுத்துதாம்மா. அண்ணிக்குப் பாத்ததுமே வந்துடும்" என்று சித்தியிடம் அளந்துவிட்டேன்.

பிறகு அண்ணியின் பாடப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பல்லவர்கள் வந்து நின்று சொல்லியிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் தலையில் ஒரு கொண்டை, காலுக்குக் கீழே இன்னொரு எழுத்து தொங்கல். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. பக்கத்தைப் பார்த்தால் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி இருந்தது. "இது என்ன எழுத்து அண்ணி?" என்று ஒன்றைத் தொட்டுக் கேட்டேன். அண்ணி புத்தகத்தை வாங்கி மூடிவைத்துவிட்டு, "அடுப்புல பாலு பொங்குது தம்பி" என்றார். அடுப்பில் பால் இல்லை.

விஷயம் இதுதான். அண்ணிக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. விரிப்பு மடிக்கும்போது யார் எழுதிக் காட்டுவார்கள்? நேர்காணலில் பேசச் சொன்னார்கள், பேசினார். படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு சரளமாகப் பேசும் ஒருவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வகுப்பில் எப்படியும் எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று அண்ணி நினைத்துக்கொண்டார். எழுத்தெல்லாம் முதலாம் ஆண்டில் முடிந்துவிடும் என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இருந்தாலும் கொஞ்ச காலம் ஓட்டினார். வகுப்பில் எல்லோரும் மகள் வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குப் படிக்க வரும், பேச வராது. அண்ணிக்கு நேர் எதிர். அடுத்த நாள் பாடத்தை யாராவது ஒருத்தியைப் படிக்கச் சொல்லி, "உச்சரிப்பைத் திருத்துறேன்" என்று உட்கார்ந்து கேட்பார். ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே மனசில் நின்றுவிடும். மறுநாள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி கண்ணை நகர்த்தி, கடகடவென்று ஒப்பித்துவிடுவார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

ஒருநாள் ஆசிரியை, யாருமே முன்பு படித்திராத பக்கத்தைத் திருப்பி, அண்ணியை எழுப்பினார். ஒரு கதையின் நடுப்பகுதி. முன்பகுதி அண்ணிக்குத் தெரியும். கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு படிக்கத் தொடங்கினார். குடியானவன் ஆற்றைக் கடந்தான், மாமியார் வீட்டுக்குப் போனான், அங்கே மைத்துனனோடு தகராறு, எருமை காணாமல் போனது. வகுப்பே ரசித்துக் கேட்டது. ஆசிரியையும் குறுக்கிடாமல் கடைசி வரை கேட்டார்.

"கதை ரொம்ப நல்லா இருக்கு" என்றார் ஆசிரியை. "ஆனா இந்தப் பக்கத்துல எருமையே இல்ல."

அண்ணி வீட்டுக்கு வந்து, தோள்பையைக்கூடக் கழற்றாமல், எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எருமை வரும் இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அது அடங்கிவிட்டது. அண்ணியின் முகம் செத்துப்போயிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதைவிடச் சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பது பெரிதாக இருந்தது.

மறுநாள் மூன்று பேரும் துறைத் தலைவரைப் பார்க்கப் போனோம். ஆசிரியையும் அங்கே இருந்தார். தலைவர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை, தன்மேலும் தவறு இருக்கிறது என்றே சொன்னார். ஆனால் விதி விதிதான்.

"எழுத்துத் தெரியாம ரெண்டாம் ஆண்டுல உக்கார முடியாது. மொதலாம் ஆண்டுக்கு இறக்கலாம்னா, அதுக்கும் ஒரு விதி இருக்கு. மொழி பேசத் தெரிஞ்சவங்களை மொதலாம் ஆண்டுல சேர்க்கக் கூடாது. புதுசாக் கத்துக்க வர்ற பிள்ளைங்களுக்கு அது அநியாயம். பேச்சுத் தேர்வுல பாதி மார்க். அதை இவங்க கண்ணை மூடிக்கிட்டு அள்ளிடுவாங்க."

"அப்போ நான் எங்கதான் சார் உக்கார்றது?" என்றார் அண்ணி.

"மூணாவது வழி இருக்கு. வட்டாரப் பட்டம். இப்பவே மாத்தித் தரேன். ஒரு நாள்கூட வீணாகாது. அந்த நாட்டைப் பத்தி எல்லாமே படிக்கலாம். அதுவும் மதிப்பான பட்டம்தான்."

நான் முந்திக்கொண்டேன். "அண்ணி, பட்டம் பட்டம்தானே? ஒத்துக்கோங்க. மூணு வருஷத்துல கையில பட்டம். இதைவிட நல்ல திட்டம் வராது." இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எந்தக் கணக்கைப் போட்டாலும் அந்த இடத்தில் மூணாவது வழிதான் லாபம். அண்ணி கணக்குப் போட வரவில்லை என்பதுதான் சிக்கல்.

"கோயிலைப் பத்தியும் ராஜாக்களைப் பத்தியும் படிக்க எனக்கும் ஆசைதான் சார்" என்றார் அண்ணி. "ஆனா அந்தப் பட்டத்தை வச்சுக்கிட்டு நான் மறுபடியும் வெளிய நாற்காலியிலதான் உக்காரணும். உள்ள ஒருத்தி ஒண்ணும் புரியாம தலையாட்டிக்கிட்டு இருப்பா. பேச்சுக்கு எனக்கு மார்க்கே வேணாம். சைபர் போட்டுக்கோங்க. வகுப்புல வாயே திறக்கல. எழுத்துல என்ன வருதோ அதை மட்டும் பாருங்க."

தலைவர் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை யோசித்து, "பேச்சு மார்க் இல்லாமப் பாஸ் பண்ணணும்னா, எழுதுறதுலயும் படிக்கிறதுலயும் மத்த பிள்ளைங்களைவிட ரொம்ப அதிகமா எடுக்கணும். இவங்களுக்கு அது கஷ்டம்" என்றார். பிறகு, "ஆனா யாருக்கும் அநியாயம் இல்ல" என்றார்.

தலைவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னா, கீழ் மாடிக்கு இறக்கித்தான் சார் கதவைத் திறப்போம். அப்புறம் அது பாட்டுக்கு மேல போகும்" என்றார். அந்த மாதத்துப் பேச்சு முழுவதும் அதில் செலவாகிவிட்டது.

தலைவர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. ஆண்டுக் கடைசியில் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து, முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்வார். அதில் தேறினால் மொழிப் பட்டம் தொடரும். தேறாவிட்டால் வட்டாரப் பட்டம், பேச்சுக்கு இடமில்லை.

அந்த வருஷம் அண்ணி பகலில் வகுப்புக்கும், மாலையில் சலவைக்கூடத்துக்கும் போனார். வகுப்பில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளைகள் "வணக்கம், நலமா" என்பதையே கடித்துத் துப்பிக்கொண்டிருக்க, அந்த அறையிலேயே மழை மாதிரிப் பேசத் தெரிந்த ஒருவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரியாத ஒரு பெண் அவருக்கு ஊமையக்கா என்று பெயர் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தால் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்போம். அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் முழுக்க வகுப்பில் பேசாமல் இருந்தார். நான் மூன்று வேளையும் சமைத்தேன். அண்ணன் அதைச் சாப்பிட்டார். யாருடைய தியாகம் பெரியது என்று நான் சொல்ல மாட்டேன்.

எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. கொண்டையும் தொங்கலும் பழகிவிட்டன. ஆனாலும் இடைத் தேர்வில் தோற்றார். காரணம் வேடிக்கையானது. முதல் இரண்டு சொல்லைப் படித்ததும் மிச்சம் என்ன வரும் என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும். நாக்கு ஓடிவிடும், கண் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். வாக்கியம் அழகாக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பது வேறாக இருக்கும். எருமை சின்னச் சின்னதாக எல்லா வரியிலும் நுழைந்துகொண்டே இருந்தது. மொழி தெரியாத பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் ஊகிக்க வழியில்லாமல் எழுத்தை எழுத்தாகவே படித்தார்கள்.

ஆசிரியை ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பொருளே இல்லாத சொற்களை எழுதித் தந்தார். எந்த மொழியிலும் இல்லாத வெறும் சத்தங்கள், தாள் தாளாக. அதில் ஊகிக்க ஒன்றுமில்லை, இருப்பதைத்தான் படித்தாக வேண்டும். காலையில் எழுந்ததும் அண்ணி சமையலறையில் நின்று அதைச் சத்தமாகப் படிப்பார். கீழ் வீட்டுக்காரர் என்னைப் படிக்கட்டில் மடக்கி, "வீட்ல யாருக்காவது மந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

தேர்வு நாளில் நானும் அண்ணனும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவுக்கு மேலே இருந்த காற்றுச் சன்னல் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது. வெளியிலிருந்து வந்தவர் ஒரு வயதான அம்மாள், கறாரான குரல். அண்ணி படிக்கத் தொடங்கினார். ஆகா, என்ன வேகம்! ஆறு மாதிரி ஓடியது. நான் அண்ணன் தொடையில் தட்டினேன். "முடிச்சுட்டாங்கண்ணா!"

நடுவில் அந்த அம்மாள் நிறுத்தினார். அந்தக் காகிதத்தில் இல்லாத எதையோ அண்ணி படிக்கிறார் என்று சொன்னார். வேறொரு பக்கத்தைத் தருவதாகச் சொன்னார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

அதன்பிறகு அண்ணியின் குரல் வந்தது. ஆனால் அது அண்ணியின் குரல் மாதிரியே இல்லை. ஓர் எழுத்து. நிறுத்தம். இன்னோர் எழுத்து. இரண்டையும் சேர்த்து ஒன்று. மறுபடி நிறுத்தம். முதல் வகுப்புப் பிள்ளை விரல் வைத்துப் படிப்பது போல, திக்கி, பின்னால் போய், மறுபடி எடுத்து. கேட்கவே சங்கடமாக இருந்தது. எப்படிப் பேசுகிறவர்! சலவைக்கூடத்தையே அந்த மொழியில் கட்டி ஆண்டவர் இப்படித் தடுமாறுவதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"போச்சு" என்றார்.

"விடுங்கண்ணா. மூணாவது வழி இருக்கில்ல" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன், எனக்கே அது அப்போது கசந்தது.

அந்தத் திக்கல் முடிவதாக இல்லை. பக்கம் முழுவதும் அப்படியே போனது. கடைசியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, கதவு திறந்தது. அண்ணி வந்து எங்கள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பாஸ்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எப்படி அண்ணி? மொதல்ல அவ்வளவு நல்லாப் படிச்சீங்க, அதை வேணாம்னுட்டாங்க. அப்புறம் அவ்வளவு தடுமாறினீங்களே?"

"மொதல்ல நான் எங்க தம்பி படிச்சேன்? பேசிக்கிட்டு இருந்தேன்" என்றார் அண்ணி. "அப்புறம்தான் படிச்சேன்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் இரண்டாம் ஆண்டு வகுப்பு என்றைக்குத் தொடங்குகிறது என்று கேட்டு வர எழுந்து போனேன்.